பேஜ்மேக்கரை ஏன் விட முடியவில்லை?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பழைய கணினியைக் கழித்துவிட்டுப் புதிது வாங்கும் நெருக்கடி சிறு அச்சகங்களுக்கும் டிடிபி மையங்களுக்கும் வந்திருக்கிறது. புதுக் கணினி மேசைக்கு வந்ததும் லே-அவுட் ஆர்ட்டிஸ்ட் கேட்கும் முதல் கேள்வி, "இதுல பேஜ்மேக்கர் ஓடுமா?" என்பதுதான்.

வெளியே இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்குவதில்லை. பக்கம் கட்டும் மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். இனி அதை வளர்க்கப்போவதில்லை என்று அடோபி நிறுவனம் அறிவித்தது 2004இல். இருபது ஆண்டுக்கு முன்பே கைவிடப்பட்ட ஒன்றை இன்னும் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? இன்றைய பொது முறையான யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பிய கட்டுரையை, பழைய எழுத்துரு ஒன்றின் பெயரைச் சொல்லி, "பாமினியில் மாற்றித் தாருங்கள்" என்று ஏன் திருப்பிக் கேட்கிறார்கள்? பழகியதை விட மனமில்லாத பிடிவாதம் என்று எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியான கணிப்பு இல்லை. பேஜ்மேக்கர் என்ற பழைய வீட்டைப் பூட்டிய நாளில், மாற்றாக வந்த புதிய வீட்டில் தமிழுக்கு அறை தயாராகவில்லை. அந்த இடைவெளியைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

பேஜ்மேக்கர் என்ன செய்தது?

அதற்கு முன்பு பக்கம் கட்டுவது கையால் செய்யும் வேலை. ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினார்கள். பிறகு ஒளியச்சு வந்தபோது, அச்சான பத்திகளை வெட்டி அட்டையில் ஒட்டினார்கள். 1985இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருந்த ஆல்டஸ் நிறுவனம் மெக்கின்டோஷ் கணினிக்காக பேஜ்மேக்கரை வெளியிட்டது. ஆல்டஸ் என்பது வெனிஸ் நகரத்துப் பழைய அச்சாளர் ஆல்டஸ் மனூட்டியஸின் பெயர். நிறுவனத்தைத் தொடங்கிய பால் பிரெய்னெர்ட்தான் 'டெஸ்க்டாப் பப்ளிஷிங்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். நாம் இன்று டிடிபி என்று சொல்வது அதைத்தான்.

பேஜ்மேக்கர் தனியாக எதையும் சாதித்துவிடவில்லை. ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும், அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழியும் அதே காலத்தில் வந்தன. மூன்றும் சேர்ந்ததால்தான் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரு பத்திரிகையை முடிக்க முடிந்தது. 1987இல் விண்டோஸ் பதிப்பு வந்தது. 1994இல் அடோபி ஆல்டஸை வாங்கியது. 1999இல் அதே அடோபி இன்டிசைன் என்ற புதிய மென்பொருளைக் கொண்டுவந்தது. ஒரே கடையில் ஒரே வேலைக்கு இரண்டு பொருள் எத்தனை நாள் இருக்கும்? ஐந்தே ஆண்டில் பழையது நின்றது.

தமிழ் அதற்குள் எப்படிப் போனது?

இந்தப் பகுதிதான் முக்கியம். கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

கணினிக்கு எழுத்து என்பது ஒரு எண். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியலுக்குக் குறியேற்றம் என்று பெயர். பேஜ்மேக்கர் காலத்துக் குறியேற்றம் 8 பிட் வகை. மொத்தம் 256 இடங்கள், அதிலும் சில கட்டளைகளுக்காக ஒதுக்கப்பட்டவை. அந்த இடங்களில் ஆங்கில எழுத்துகளும் ஐரோப்பிய மொழிகளின் குறிகளும் இருந்தன. தமிழுக்கு இடமே இல்லை.

தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆங்கில எழுத்து இருந்த இடத்தில் அதன் படத்தை எடுத்துவிட்டுத் தமிழ் எழுத்தின் படத்தை வைத்தார்கள். கணினியைப் பொறுத்தவரை நீங்கள் ஆங்கிலம்தான் தட்டுகிறீர்கள். திரையிலும் தாளிலும் தமிழ் தெரிகிறது, அவ்வளவுதான். 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தேவைப்படவில்லை. கொம்பும் காலும் துணையெழுத்துகளாக ஒரு முறை இருந்தால் போதும். கு, கூ, டி, டீ போல உருவம் மாறுகிறவற்றுக்கு மட்டும் தனி இடம் கொடுத்தார்கள்.

இதன் விளைவுகள் மூன்று.

1. தட்டும் வரிசை கண்ணுக்குத் தெரியும் வரிசை. 'கொ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். அச்சுக்கோப்பவரும் தமிழ்த் தட்டச்சுப்பொறியில் பழகியவரும் அதே வரிசையில்தான் வேலை செய்தார்கள். கையை மாற்றிக்கொள்ள வேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை.

2. ஆளுக்கொரு பட்டியல். ஈழத்துப் பதிப்புகளிலும் புலம்பெயர்ந்தோர் இதழ்களிலும் பரவிய பாமினி ஒரு வகை, ஸ்ரீலிபி ஒரு வகை, அரசு அலுவலகங்களில் பழகிய வானவில் ஒரு வகை. ஒன்றில் தட்டியதை மற்றொன்றில் திறந்தால் படிக்க முடியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்ற இரண்டு தரங்களைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. அதற்குள் அச்சகங்களில் ஆயிரக்கணக்கான கோப்புகள் சேர்ந்துவிட்டன.

3. எழுத்துரு இல்லாவிட்டால் நூலே இல்லை. அந்தக் குறிப்பிட்ட ஃபான்ட் கணினியில் இல்லையென்றால், திறக்கும் கோப்பில் தெரிவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்.

யூனிகோட் வேறு வழியில் யோசித்தது. உலகின் எழுத்துமுறைகள் ஒவ்வொன்றுக்கும் தனி எண்கள். 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தொகுதி ஒதுக்கப்பட்டது. இதில் வரிசை ஒலிப்பைத் தழுவியது. 'கெ' என்றால் முதலில் க, பிறகுதான் எகரக் குறி. கொம்பை எடுத்து முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் செய்யும் பகுதியை வடிவமைப்பு இயந்திரம் எனலாம். அது இல்லாத மென்பொருளில் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும். பேஜ்மேக்கரில் அது இல்லை. யூனிகோட் எண்களையே அதற்குத் தெரியாது. யூனிகோட் தமிழை அதில் ஒட்டினால் கேள்விக்குறிகள் வரிசையாக வரும். "பாமினியில் மாற்றித் தாருங்கள்" என்று கேட்பது இதனால்தான்.

2004க்கும் 2012க்கும் நடுவில்

பேஜ்மேக்கரை நிறுத்திய அதே 2004இல், அதை விட்டு வருபவர்களுக்காக இன்டிசைனின் தனிப் பதிப்பு ஒன்றை அடோபி விற்றது. பழைய கோப்புகளை அது திறந்தது. ஆங்கிலத்தில் வேலை செய்பவருக்கு அது நல்ல பாலம்.

தமிழில் வேலை செய்பவர் என்ன செய்வார்? யூனிகோட் தமிழை முறையாக அமைக்க இன்டிசைனில் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' என்ற பகுதி வேண்டும். தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கான ஆதரவோடு அது அதிகாரபூர்வமாக வந்தது சிஎஸ்6 பதிப்பில். ஆண்டு 2012. நடுவில் எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளும் தமிழ் இதழ்கள் நிற்காமல் வந்தன, நூல்கள் அச்சாயின.

சரி, பழைய 8 பிட் எழுத்துருவையே இன்டிசைனில் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். பலர் செய்தார்கள். இன்டிசைன் யூனிகோட் அடிப்படையில் கட்டப்பட்டது. 160 என்ற எண்ணை அது பிரியாத இடைவெளி என்று எடுத்துக்கொள்ளும், 173ஐ ஒடிகுறி என்று எடுத்துக்கொள்ளும். அந்த இடங்களில் தமிழ் எழுத்தை வைத்திருந்த ஃபான்ட்களில் அந்த எழுத்து பக்கத்திலிருந்து காணாமல் போகும். மேற்கோள் குறியைத் தானாக வளைத்துப்போடும் வசதியை அணைக்க மறந்தால், அந்த விசையில் இருந்த தமிழ் எழுத்து வேறொன்றாக மாறும். தமிழை ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டு வரி முடிவில் சொல்லை உடைக்கும். முந்நூறு பக்க நூலில் ஒரே ஒரு எழுத்து மட்டும் எல்லா இடத்திலும் விழுந்திருந்தால், அது மெய்ப்புத் திருத்துபவர் கண்ணிலும் படாமல் போகலாம். ஒரு முறை அப்படி அச்சேறிய நூலைப் பார்த்தவர் அடுத்த நூலுக்குப் பேஜ்மேக்கருக்குத் திரும்பியதில் என்ன தவறு?

கையில் இருக்கும் தொழில்

எழுத்து ஒரு பாதி. மறுபாதி, பக்கம் கட்டும் விதம்.

பேஜ்மேக்கரில் பக்கத்தைச் சுற்றி ஒரு வெற்றுப் பலகை உண்டு. படம், தலைப்பு, துணுக்கு எதை வேண்டுமானாலும் அங்கே ஒதுக்கி வைக்கலாம். எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அந்தப் பலகை கூடவே வரும், வைத்தது வைத்த இடத்தில் தெரியும். வெட்டி ஒட்டிய காலத்து மேசை அப்படியே திரைக்கு வந்தது போன்றது இது. இன்டிசைனில் ஒவ்வொரு இணைப்பக்கத்துக்கும் தனித்தனிப் பலகை. பக்கம் 12இல் ஒதுக்கி வைத்த துணுக்கு பக்கம் 30இல் தெரியாது. இதழ் முடிக்கும் இரவில் மீந்த இடத்தை நிரப்ப ஒரு துணுக்கைத் தேடும் ஆர்ட்டிஸ்டுக்கு இது சின்ன மாற்றம் இல்லை.

அதுபோல, பேஜ்மேக்கரில் எழுதுவதற்கு முதலில் ஒரு உரைப்பெட்டி வரைய வேண்டியதில்லை. பத்திக்குள் சொடுக்கினால் தட்ட ஆரம்பிக்கலாம். பத்தியின் அடியில் இருக்கும் கைப்பிடியைப் பிடித்து இழுத்தால், திரைச்சீலை ஏறி இறங்குவது போல உரை சுருங்கும், நீளும். மிச்சம் அடுத்த பத்திக்கு ஓடும்.

அப்புறம் 'பில்ட் புக்லெட்'. பதினாறு பக்கச் சிற்றிதழை நடுவில் பின் அடித்துக் கட்ட வேண்டுமென்றால், தாளின் ஒரே பக்கத்தில் 16ஆம் பக்கமும் 1ஆம் பக்கமும் அருகருகே வர வேண்டும். அதன் பின்புறத்தில் 2உம் 15உம். இந்தக் கணக்கை பேஜ்மேக்கர் தானே போட்டுத் தந்தது. இதை ஒத்த 'பிரின்ட் புக்லெட்' இன்டிசைனுக்கு உள்ளேயே வந்தது 2007இல், சிஎஸ்3 பதிப்பில். திருமண அழைப்பிதழும் கோயில் மலரும் சிற்றிதழும் அடிக்கும் சிறு அச்சகத்துக்கு இந்த ஒரு வசதிக்காகவே பேஜ்மேக்கர் போதும்.

இவையெல்லாம் வசதிகளின் பட்டியல் மாதிரி தெரியலாம். பதினைந்து இருபது ஆண்டு தினமும் செய்தவருக்கு இவை கையின் நினைவு. விசையைத் தேடாமல் கை போகிறது, கண் பக்கத்தில் மட்டும் நிற்கிறது. ஒரு வரி கீழே தனியாக விழுவதும், தலைப்புக்கும் உரைக்கும் நடுவில் வெள்ளை கூடுவதும் அப்போதுதான் அவர் கண்ணில் படும். புதிய கருவியில் கண் கருவியைத் தேடும்போது பக்கம் கவனத்திலிருந்து நழுவுகிறது. மென்பொருள் மேல் ஒரு கலைஞருக்கு இருக்கும் பற்று இதில்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். தவிலுக்கும் நாகசுரத்துக்கும் கைப்பழக்கம் உண்டு என்று ஒப்புக்கொள்ளும் நாம், கணினியில் வேலை செய்பவரின் கைப்பழக்கத்தை மட்டும் சோம்பல் என்று சொல்வது சரியில்லை.

ஃப்ரீஹேண்ட் ஓவியர்கள் நீதிமன்றம் போனார்கள்

தமிழ் ஆர்ட்டிஸ்டுகளுக்கு மட்டும் வந்த வேதனை இல்லை இது. கோட்டோவிய மென்பொருளான ஃப்ரீஹேண்டின் கதை இன்னும் கூர்மையானது.

ஆல்ட்சிஸ் என்ற நிறுவனம் செய்த அதை 1988 முதல் விற்றது பேஜ்மேக்கரின் ஆல்டஸ்தான். 1994இல் அடோபி ஆல்டஸை வாங்கியபோது, அடோபியிடம் ஏற்கெனவே இல்லஸ்ட்ரேட்டர் இருந்தது. இரண்டும் ஒரே கைக்குப் போனால் போட்டி செத்துவிடும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் தலையிட்டு, ஃப்ரீஹேண்டை ஆல்ட்சிஸுக்கே திரும்பக் கொடுக்க வைத்தது. பத்து ஆண்டுகளுக்கான கட்டுப்பாடும் விதித்தது. ஆல்ட்சிஸை மேக்ரோமீடியா வாங்கியது. 2005 டிசம்பரில் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கியது. அப்போது அந்தப் பத்து ஆண்டு முடிந்திருந்தது. 2007 மே மாதம், ஃப்ரீஹேண்டை இனி வளர்க்கப்போவதில்லை, இல்லஸ்ட்ரேட்டருக்கு வாருங்கள் என்று அறிவிப்பு வந்தது. ஒரே கோப்பில் வெவ்வேறு அளவில் பல பக்கங்கள் வைப்பது ஃப்ரீஹேண்ட்காரர்களின் அன்றாட வேலைமுறை. அதற்கு ஈடானதை இல்லஸ்ட்ரேட்டர் கொடுத்தது 2008இல்தான்.

2009இல் பயனர்கள் அமைப்பாகத் திரண்டார்கள். 2011 மே மாதம் கலிபோர்னியாவில் போட்டித் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஆப்பிள் தன் இயங்குதளத்தின் லயன் பதிப்பை வெளியிட்டது. பவர்பிசி என்ற பழைய வகைச் செயலிக்காக எழுதிய நிரல்களை ஓட வைத்த ரொசெட்டா அதில் இல்லை. புதுக் கணினிகளில் ஃப்ரீஹேண்ட் திறக்கவே இல்லை. வழக்கு 2012இல் சமரசமாக முடிந்தது. மென்பொருள் மீளவில்லை.

சட்டம் விலையையும் போட்டியையும் அளக்கும். ஒருவர் கையில் ஊறிய வேலைமுறைக்கு அதனிடம் அளவுகோல் இல்லை. உரிமத்தில் நமக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டும். தொடர்ந்து பராமரிக்க வேண்டும் என்றோ, கோப்பு வடிவத்தை வெளியிட வேண்டும் என்றோ அதில் எந்தக் கடமையும் இல்லை. என் பார்வையில், ஒரு நிறுவனம் படைப்பு மென்பொருளை நிறுத்தும்போது கோப்பு வடிவத்தின் விவரத்தையாவது வெளியிட வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். கருவி அவர்களுடையது. கோப்புக்குள் இருக்கும் வேலை நம்முடையது.

கதவு எங்கே மூடியது?

பேஜ்மேக்கரின் பிஎம்டி கோப்புகளை நேரடியாகத் திறக்கும் கடைசி இன்டிசைன், சிஎஸ்6. 2013இல் வந்த சிசி பதிப்பு அதைச் செய்யாது. தமிழை அதிகாரபூர்வமாக ஏற்ற முதல் பதிப்பும் பழைய கோப்பை ஏற்ற கடைசிப் பதிப்பும் ஒன்றே. இரண்டு கதவும் சேர்ந்து திறந்திருந்தது அந்த ஒரு பதிப்பில்தான். அதற்குப் பிறகு மாதச் சந்தா முறை வந்தது. சிஎஸ்6 விற்பனையும் 2017இல் நின்றது.

இப்போது பிஎம்டி கோப்பாக மட்டும் இருக்கும் நூல்களை நினைத்துப் பாருங்கள். 1990களிலும் 2000களிலும் வந்த சிறு பதிப்பக வெளியீடுகள், ஊர் வரலாறுகள், சிற்றிதழ்த் தொகுதிகள். மறுபதிப்பு வேண்டுமென்றால் மறுபடி தட்ட வேண்டும், இல்லை ஸ்கேன் செய்ய வேண்டும். பிடிஎஃப் இருந்தாலும் அதன் உள்ளே இருப்பது 8 பிட் எழுத்து. ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. நகலெடுத்து ஒட்டினால் ஆங்கிலக் குவியல் வரும்.

இப்போது செய்யக்கூடியவை

1. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டும் வருகிறது. 16 பிட் நிரல்கள் அதில் ஓடாது, 32 பிட் நிரல்கள் ஓடும். பேஜ்மேக்கர் 7 அதில் திறந்தாலும் நம்பி இருக்க முடியாது. அது பிடிஎஃப் செய்ய அக்ரோபேட் டிஸ்டில்லரின் பழைய பதிப்பையும் போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப்பொறியையும் நம்பியிருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினிக்குள் உரிமம் உள்ள பழைய விண்டோஸை நிறுவி, இணைய இணைப்பைத் துண்டித்து, அதற்குள் ஓட்டுவது பாதுகாப்பு.

2. ஒவ்வொரு கோப்போடும் அதற்குரிய எழுத்துருக்களையும் படங்களையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். கூடவே எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஒன்று.

3. இன்டிசைன் சிஎஸ்6 அல்லது அதற்கு முந்தையது வைத்திருப்பவர், முடிந்தவரை எல்லாவற்றையும் இப்போதே திறந்து மாற்றிவிட வேண்டும். அது இல்லாதவர்களுக்கு லிப்ரேஆஃபீஸ் உண்டு. அதன் 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்க முயலும் வசதி இருக்கிறது. பக்க அமைப்பு முழுதாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், உரை கிடைத்தாலே லாபம்.

4. திறப்பது வேறு, யூனிகோடாக்குவது வேறு. திறந்த பிறகும் உரை 8 பிட்டாகவே இருக்கும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட வேண்டும். தடித்த எழுத்து, சாய்வெழுத்து விவரம் அங்கே போய்விடும். முன்கூட்டியே குறித்துக்கொள்வது நல்லது.

5. மாற்றிய உரையை மெய்ப்புப் பார்க்காமல் விடக் கூடாது. 'கௌ' என்ற எழுத்தும், கெ-வும் ள-வும் சேர்ந்த 'கெள'வும் பார்வைக்கு ஒன்று, எண்ணில் வேறு. கால் இருக்க வேண்டிய இடத்தில் ர இருக்கலாம். வடமொழி எழுத்துகள் தவறலாம்.

6. புதிய இன்டிசைனில் பத்திகளுக்கு வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்த பிறகே தமிழை உள்ளே கொண்டுவாருங்கள். இது தெரியாமல் கொம்பு இடம் மாறி நிற்பதைப் பார்த்துவிட்டுப் பழையதற்கே திரும்பியவர்கள் உண்டு.

7. இந்த வேலையை வெளியே கொடுப்பதற்கு முன்பு, அந்தப் பக்கங்களைக் கட்டிய ஆர்ட்டிஸ்டைக் கூட உட்கார வையுங்கள். கோப்பு எழுத்துருவின் பெயரைச் சொல்லும், அது எந்த வகைக் குறியேற்றம் என்று சொல்லாது. ஒரே பெயரில் இரண்டு வகை எழுத்துரு புழங்கிய கதையெல்லாம் அவருக்குத் தெரியும். பாமினி ஃபான்ட் இல்லாமல் திறந்த கோப்பில் தெரியும் ஆங்கில எழுத்துகள் பெரும்பாலும் அன்று அவர் விரல் தட்டிய விசைகளே. பல ஆண்டு பாமினியில் தட்டியவரால் அந்தக் குவியலிலிருந்தே தமிழைப் படித்துவிட முடியும்.